நேற்றிரவு எங்கே போயிருந்தது வண்டி?

புனேயில் டிசம்பர் மாதக் காலை. குளியலறையில் தேங்காய் எண்ணெய் புட்டிக்குள் வெள்ளைக் கட்டியாக உறைந்து கிடக்கிறது. கோத்ரூடில் எங்கள் குடியிருப்பின் கீழே என் மாமனார் தன் காரின் சோக்கை இழுத்துவிட்டுச் சாவியைத் திருப்புகிறார். வண்டி கிளம்புகிறது. ஆனால் ஓடவில்லை, நொண்டுகிறது. மூன்று துடிப்பு ஒழுங்காக வரும், நான்காவது விழுந்துவிடும். கண்ணாடிகள் நடுங்கும், பின்னால் வெள்ளைப் புகை சுருளும். இரண்டு நிமிடம் இப்படி ஆடிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் சீராக ஓடத் தொடங்கிவிடும்.

மறுநாள் அதே நேரம், அதே குளிர். சாவியைத் திருப்பியதும் தையல் இயந்திரம்போல ஓடும்.

நாம் ஃபியட் என்றே சொல்லிப் பழகிய கார்தான். இத்தாலியின் ஃபியட் நிறுவனம் 1953-இல் கொண்டுவந்த 1100/103 வகையின் வழித்தோன்றல். மும்பை குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலை 1964 முதல் இதை 'ஃபியட் 1100 டிலைட்' என்ற பெயரில் செய்து, 1974 முதல் 'பிரீமியர் பத்மினி' என்று விற்றது. மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்சியாக நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடி, 2023 அக்டோபர் இறுதியில் அங்கே விடைபெற்றது. 1089 சி.சி. கொள்ளளவு, நான்கு சிலிண்டர், ஒரு கார்புரேட்டர். கம்ப்யூட்டர் கிடையாது. இன்றைய கார் நோய்வாய்ப்பட்டால் ஒரு கருவியைச் செருகி என்ன கோளாறு என்று அதனிடமே கேட்கலாம். இதனிடம் கேட்க முடியாது. நாமே கண்டுபிடிக்க வேண்டும். அந்த வேலையில் எங்களுக்கு ஒரு குளிர்காலமே போனது.

நானா பேட்டில் உதிரிபாகக் கடைகளுக்கு நடுவே பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரிடம்தான் மாமா எப்போதும் போவார். மராத்தி வழக்கப்படி அவரை நாங்கள் 'காகா' என்போம். வண்டியை அவரிடம் கொண்டுபோனால் அது ஒழுங்காக ஓடும். "தண்டி ஆஹே, சாஹேப்" என்பார். குளிர்தானே ஐயா, வேறென்ன!

வைத்தியர் முன்னால் மறைந்துகொள்வது, விட்டுவிட்டு வரும் நோய்க்குப் பொதுவான குணம். ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் காய்ச்சலை நம் ஊரில் முறைக்காய்ச்சல் என்பார்கள். வைத்தியர் வரும் நேரத்தில் நோயாளி எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அந்தச் சொல்லைப் பின்பற்றி, விட்டுவிட்டு வரும் இயந்திரக் கோளாறை முறைக்கோளாறு என்று அழைக்கலாம் என்று நினைக்கிறேன். 'முறை' என்ற சொல்லில் ஒரு நுட்பம் இருக்கிறது. வருவதும் போவதும் தான்தோன்றித்தனம் இல்லை, உள்ளே ஏதோ ஒழுங்கு இருக்கிறது என்று அது சொல்கிறது. மலேரியாவில் அப்படித்தான் தெரியவந்தது. கிருமி சிவப்பணுக்களுக்குள் பெருகி, ஏறத்தாழ 48 மணி நேரத்துக்கு ஒருமுறை அவற்றை ஒருசேர உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. காய்ச்சலுக்கு நாள் கணக்கு இருந்ததன் காரணம் அது. எங்கள் காருக்குள் எந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது?

முதலில் காகா சொன்ன குளிரையே எடுத்துக்கொள்வோம். குளிரில் எஞ்சின் ஏன் சண்டித்தனம் செய்கிறது?

பம்ப் ஸ்டவ் பற்றவைத்தவர்களுக்கு இது உடனே புரியும். பர்னரைச் சுற்றியுள்ள சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் ஸ்பிரிட்டோ மண்ணெண்ணெயோ ஊற்றிப் பற்றவைத்து, பர்னர் நன்றாகச் சூடான பிறகுதான் பம்ப் அடிக்க வேண்டும். அவசரப்பட்டால் எண்ணெய் திரவமாகவே பீறிடும். மஞ்சளாக எரிந்து கரி கக்கும். சூடான பர்னருக்குள் அதே எண்ணெய் ஆவியாகி, காற்றோடு கலந்து, நீல நிறத்தில் சீறிக்கொண்டு எரியும். எரிவது எண்ணெயல்ல, எண்ணெயின் ஆவி. பெட்ரோலும் அப்படித்தான். எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோல் ஆவிக்குச் சுமார் 15 பங்கு காற்று இருந்தால் கச்சிதமாக எரியும்.

சிக்கல் என்னவென்றால் பெட்ரோல் ஒரே பொருள் அல்ல. சாம்பாரைப்போலப் பல சரக்குகளின் கலவை. அதில் மிக இலேசானவை உடல் சூட்டிலேயே கொதித்துவிடும். கனமானவை 200 டிகிரியை நெருங்கும்வரை முழுதாக ஆவியாகாது. குளிர்ந்த எஞ்சினுக்குள் போகும் பெட்ரோலில் இலேசான பகுதி மட்டும் ஆவியாகிறது. மிச்சமெல்லாம் குழாய்ச் சுவரில் ஈரமாக ஒட்டிக்கொள்கிறது. 15-க்கு ஒன்று அனுப்பினாலும் தீப்பொறிக்குக் கிடைப்பது 15-க்குக் கால், அரைக்கால்தான். அதற்காகத்தான் சோக். அதை இழுத்தால் கார்புரேட்டர் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும். இலேசான பகுதி மட்டுமே உதவும் என்றால், அந்தப் பகுதி போதுமான அளவு சேரும்வரை மொத்தமாக அள்ளிக் கொட்டு என்பதுதான் அதன் தர்க்கம். பத்து மாம்பழத்தில் இரண்டுதான் தேறும் என்று தெரிந்தால் ஐம்பதாக வாங்குவதைப்போல. வீண்தான். வேறு வழியில்லை.

குளிர் இத்தோடு நிற்பதில்லை. தேங்காய் எண்ணெயை உறைய வைக்கும் அதே குளிர் எஞ்சின் ஆயிலையும் தடிக்க வைக்கிறது. சுழற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார் கூடுதலாகத் திணறுகிறது, பேட்டரியிலிருந்து கூடுதலாக உறிஞ்சுகிறது. அந்தப் பேட்டரியின் வேதிவினையும் குளிரில் மந்தமாகியிருக்கும். 12 வோல்ட் அந்தச் சில நொடிகளுக்கு 10-ஆக இறங்குவது சாதாரணம். தீப்பொறி உண்டாக்கும் இக்னிஷன் காயிலுக்கும் அதே பேட்டரிதான் சோறு போடுகிறது. ஆகவே நல்ல தீப்பொறி தேவைப்படும் நேரத்தில்தான் தீப்பொறி இளைத்துப்போகிறது.

ஆக, காகா சொன்னது தவறில்லை. ஆனால் எங்கள் கேள்விக்கு அது பதிலும் இல்லை. குளிர் தினமும் இருந்தது, நொண்டல் தினமும் இல்லை. தினமும் மாறாமல் இருக்கும் ஒன்றை வைத்து, மாறி மாறி வரும் ஒன்றை விளக்க முடியாது. மாமாவின் கட்சி எத்தனால். இப்போதைய பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கிறார்கள், பழைய வண்டிக்கு அது ஆகாது என்பது அவர் வாதம். அதில் அறிவியல் உண்டு. எத்தனால் 78 டிகிரியில்தான் கொதிக்கும், ஆவியாக அதற்கு வேண்டிய வெப்பம் பெட்ரோலைப்போல இரண்டு மடங்குக்கு மேல். உள்ளங்கையில் ஸ்பிரிட் தடவினால் சில்லிடுவது அதனால்தான். பழைய ரப்பர் பாகங்களையும் அது பதம் பார்க்கும். சுற்றிலும் கரும்பு விளையும் புனே மாவட்டத்தில் இருந்துகொண்டு எத்தனாலைத் திட்டுவது உள்ளூர் அரசியலும்கூட. ஆனால் ஒரே டாங்க் பெட்ரோலில் நல்ல காலையும் வந்தது, கெட்ட காலையும் வந்தது. எத்தனாலையும் விடுவித்தோம்.

இங்கே காகாவின் காதுக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். ஒரு நாள் அதிகாலையில் அவரே வீட்டுக்கு வந்து காத்திருந்தார். அதிர்ஷ்டவசமாக அது கெட்ட காலை. இரண்டு விநாடி கேட்டார். "ஒரு சிலிண்டர்தான் பேசவில்லை" என்றார். பிறகு ரப்பர் உறை போட்ட இடுக்கியால் பிளக் என்னும் தீப்பொறிச் செருகி ஒவ்வொன்றின் வயரையும் கழற்றிக் கழற்றி மாட்டினார். முதலாவதைக் கழற்றினால் நொண்டல் கூடியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைக் கழற்றியபோது எந்த மாற்றமும் இல்லை. ஏற்கெனவே வேலை செய்யாதவனை வேலையை விட்டு நிறுத்தினால் யாருக்கு என்ன தெரியப்போகிறது? ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாகப் புகைக்குழாய் உள்ள வண்டிகளில் இதை இன்னும் எளிதாகச் செய்வாராம். தோசைக்கல் காய்ந்ததா என்று தண்ணீர் தெளித்துப் பார்ப்பதுபோல ஒவ்வொரு குழாயிலும் நாலு சொட்டுத் தெளிப்பார். எது 'சுர்' என்று சொல்லவில்லையோ அந்தச் சிலிண்டரில் அடுப்பு எரியவில்லை.

மூன்றாம் சிலிண்டர் என்ற அந்த ஒரு தகவல் சந்தேகப் பட்டியலைப் பாதிக்கு மேல் அடித்துவிட்டது. வீட்டில் தண்ணீர் வரவில்லை என்றால் முதலில் என்ன செய்கிறோம்? எல்லாக் குழாயையும் திறந்து பார்க்கிறோம். எதிலும் வரவில்லையென்றால் மாடித் தொட்டியைப் பார்க்க வேண்டும். ஒன்றில் மட்டும் வரவில்லையென்றால் தொட்டியின்மேல் குற்றமில்லை. பேட்டரி, காயில், பாயிண்ட், கார்புரேட்டர், பெட்ரோல் பம்ப் எல்லாம் நான்கு சிலிண்டருக்கும் பொது. அவை கெட்டால் நான்கும் தள்ளாடும். மூன்றாவது மட்டும் ஊமையானால் தேட வேண்டியது அதற்கே சொந்தமானவற்றில்: அதன் பிளக், அதன் வயர், அதன் வால்வுகள், அதன் சுவர்கள்.

காகா பிளக்கை மாற்றினார். மூன்று நாள் வண்டி நன்றாக ஓடியது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. நான்காம் நாள் நொண்டியது. வயரை மாற்றினார். இரண்டு நாள் நன்றாக ஓடி, மறுபடியும் நொண்டல்.

முறைக்கோளாறின் மிகப் பெரிய வஞ்சகம் இதுதான். சும்மா இருந்தாலே அது அடிக்கடி 'குணமாகும்'. எங்கள் வண்டி ஏறத்தாழ மூன்று காலைக்கு ஒன்று என்ற கணக்கில் தகராறு செய்தது. அப்படியானால் எதையும் தொடாமலே அடுத்தடுத்து மூன்று காலை நன்றாக ஓட 30 விழுக்காடு வாய்ப்பு உண்டு. ஒன்றை மாற்றியதால்தான் சரியானது என்று கொஞ்சமாவது துணிந்து சொல்ல, எட்டுக் காலையாவது விடாமல் நன்றாக ஓட வேண்டும். சும்மா இருந்தே அப்படி நடக்க வாய்ப்பு 4 விழுக்காடுதான். அந்த எட்டு நாள் பொறுமை யாருக்கும் இருப்பதில்லை. பல வைத்தியர்களின் கைராசியும் பல மெக்கானிக்குகளின் புகழும், சில சோதிடர்களின் பரிகாரமும் இந்த இடைவெளியில்தான் தழைக்கின்றன என்பது என் எண்ணம்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி. நொண்டியதா இல்லையா, காலை வெப்பநிலை, பனி ஈரம் இருந்ததா, டாங்கில் பெட்ரோல் எவ்வளவு, எத்தனை மணி நேரம் நின்றிருந்தது, மூக்கு மேட்டைப் பார்த்து நின்றதா பள்ளத்தைப் பார்த்தா, கடைசியாக எங்கே போய்வந்தது, யார் கிளப்பியது. "கல்யாணத்துக்கு ஜாதகம் எழுதுற மாதிரி எழுதறீங்களே மாப்பிள்ளை" என்று மாமா சிரித்தார்.

நோட்டில் விடை தேடும் இந்த யோசனை புதிதல்ல. புனே சிவாஜிநகரில் 'ஷிம்லா ஆபீஸ்' என்று ஓர் இடம் உண்டு. ஷிம்லாவின் பெயர் புனேக்கு எப்படி வந்தது என்று புதிதாக வருபவர்கள் விழிப்பார்கள். இந்திய வானிலைத் துறையின் தலைமையகம் ஷிம்லாவிலிருந்து 1928-இல் இங்கே வந்தது, அந்தப் பழைய பெயர் நிலைத்துவிட்டது. அதற்குச் சற்று முன்பு, 1904 முதல் 1924 வரை அந்தத் துறைக்குத் தலைவராக இருந்தவர் கில்பர்ட் வாக்கர் என்ற கணித அறிஞர். அவர் கையில் கிடைத்ததும் ஒரு முறைக்கோளாறுதான்: பருவமழை. சில ஆண்டு பெய்கிறது, சில ஆண்டு பொய்க்கிறது. 1877-லும் 1899-லும் பொய்த்தபோது இலட்சக்கணக்கானோர் பட்டினியால் செத்தார்கள். வானத்தைப் பார்த்து விடை கிடைக்காதபோது வாக்கர் நோட்டுப் புத்தகங்களைப் பார்த்தார். உலகெங்கும் பதிவான காற்றழுத்தம், மழை, வெப்பம் எல்லாவற்றையும் திரட்டி, எது ஏறும்போது எது இறங்குகிறது என்று கணக்கர்களை வைத்துக் கணக்கிட்டார். இரண்டு அளவுகள் இப்படிச் சேர்ந்து ஏறி இறங்குவதைப் புள்ளியியலில் ஒட்டுறவு என்கிறோம். பசிபிக் கடலின் ஒரு பக்கம் அழுத்தம் ஏறும்போது இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது என்ற பெரும் ஊசலாட்டம் அவர் கணக்கில் அகப்பட்டது. தஞ்சாவூரில் மழை பொய்க்கும் காரணம் பசிபிக்கின் தாஹித்தித் தீவுப் பக்கத்தில் இருக்கலாம்! எல் நினோ என்று இன்று பேசப்படும் நிகழ்வோடு அதை வானிலை அறிஞர் யாக்கோப் பியர்க்னெஸ் 1969-இல் இணைத்தார்.

வாக்கரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டவை இரண்டு. காரணம், விளைவுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டியதில்லை. இரண்டாவது ஓர் எச்சரிக்கை. நூறு பத்திகளை வைத்துத் தேடினால் ஒன்றிரண்டு தற்செயலாகவே பொருந்திவிடும், தேடிப் பொறுக்கிய பொருத்தத்தை அப்படியே நம்பாதே என்று 1914-லேயே அவர் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்.

ஐந்து வாரம் கழித்து நோட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெப்பநிலைப் பத்தியில் ஒன்றுமில்லை. 9 டிகிரியில் ஓடியிருக்கிறது, 14 டிகிரியில் நொண்டியிருக்கிறது. பனி, பெட்ரோல் அளவு, மேடு பள்ளம் எதிலும் ஒழுங்கில்லை. பொருந்திய பத்தி ஒன்றுதான். என் மனைவி வாரத்தில் இரண்டு மூன்று நாள் தளேகாவ் போய்வருவார், போக வர 70 கிலோமீட்டருக்குக் குறையாது. அந்த இரவுகளுக்கு அடுத்த காலைதான் வண்டி நொண்டியது. காய்கறிச் சந்தைக்குப் போய்க் கொத்தமல்லி வாங்கிவந்த இரவுகளுக்கு அடுத்த காலை நொண்டவில்லை. இவ்வளவு நாளும் காலையின் குளிரில் தேடிக்கொண்டிருந்தோம். குற்றம் நேற்றிரவின் சூட்டில் நடந்திருந்தது.

ஆனால் எப்படி? எட்டு மணி நேரத்துக்கு முன் ஓடிய ஓட்டம் காலையில் ஒரு சிலிண்டரை எப்படி ஊமையாக்கும்?

எஞ்சினை இரண்டு மாடியாக நினைத்துக்கொள்ளலாம். கீழ்மாடி வார்ப்பிரும்பு. சிலிண்டர்களும் அவற்றில் ஏறி இறங்கும் பிஸ்டன்களும் அங்கே. மேல்மாடி அலுமினியத்தால் ஆன ஹெட். வால்வுகளும் பிளக்குகளும் அங்கே. இரண்டு மாடியிலும் தண்ணீர் ஓடச் சின்னச் சின்னக் கால்வாய்கள் உண்டு, எரியும் அறைகளின் சூட்டை வாங்கி ரேடியேட்டருக்குக் கொண்டுபோக. இரண்டு மாடிக்கும் நடுவே அப்பளம்போல ஒரு மெல்லிய தகடு: ஹெட் கேஸ்கட். தமிழில் அடைப்புத் தகடு எனலாம். எரியும் வாயு தண்ணீருக்குள் போகாமலும் தண்ணீர் எரியும் அறைக்குள் வராமலும் காப்பது அதன் வேலை. அதற்கு ஓய்வே கிடையாது. சூடாகும்போது அலுமினியம் இரும்பைப்போல இரண்டு மடங்கு விரிகிறது. ஒவ்வொரு பயணத்திலும் மேல்மாடி கீழ்மாடியின்மீது மயிரிழை அளவு நகர்ந்து, ஆறும்போது திரும்பி வருகிறது. நடுவில் மாட்டிய தகடு அம்மிக்கும் குழவிக்கும் இடையே அகப்பட்ட மிளகாய். நாற்பது ஆண்டு அரைபட்டால் எங்காவது ஓர் இழை அறுந்துவிடும்.

அடுத்து, பிரஷர் குக்கர். கடல்மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்திலுள்ள புனேயில் தண்ணீர் 98 டிகிரியிலேயே கொதித்துவிடும். எஞ்சினுக்கு அது போதாது. அதனால் ரேடியேட்டர் மூடியில் குக்கர் வெயிட்டைப்போல ஒரு ஸ்பிரிங் வால்வு வைத்து உள்ளே அழுத்தத்தை ஏற்றுகிறார்கள். அழுத்தம் ஏறினால் கொதிநிலையும் ஏறும். நீண்ட ஓட்டம் ஓடிய வண்டியின் ரேடியேட்டர் என்பது விசில் வரக் காத்திருக்கும் குக்கர்தான். காய்கறிச் சந்தைக்குப் போய்வரும் பத்து நிமிடத்தில் அந்த அழுத்தம் ஏறுவதில்லை.

இப்போது கேஸ்கட்டில் தண்ணீர்க் கால்வாய்க்கும் மூன்றாம் சிலிண்டருக்கும் நடுவே மயிரிழை அளவு ஒரு விரிசல் என்று வைத்துக்கொள்வோம். ஓடும்போது சிலிண்டருக்குள் வெடிப்பின் அழுத்தம் தண்ணீரின் அழுத்தத்தைவிடப் பல மடங்கு அதிகம். தண்ணீர் பெரும்பாலும் உள்ளே வராது. வாயுதான் கொஞ்சம் தண்ணீருக்குள் புகும். சாவியை அணைத்த நொடியில் எல்லாம் தலைகீழாகிறது. சிலிண்டர் அடங்கிவிடுகிறது, குக்கரோ இன்னும் அழுத்தத்தில் இருக்கிறது. தண்ணீரைச் சுற்றிவிட ஆளில்லாததால் ஹெட்டின் சூடெல்லாம் நின்ற தண்ணீரில் இறங்கி, சிறிது நேரம் அழுத்தம் மேலும் ஏறும். அப்போது சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் மூன்றாம் சிலிண்டருக்குள் கசிகிறது. சில மணி நேரத்தில் எல்லாம் ஆறி, கசிவும் நின்றுவிடும். கசிந்த தண்ணீர் பிஸ்டன் தலையில் விடியும்வரை தேங்கியிருக்கும்.

காலையில் சாவியைத் திருப்பும்போது அந்தத் தண்ணீர் தெறித்துப் பிளக்கை நனைக்கிறது. பிளக்கின் இரு முனைகளுக்கும் நடுவே அரை மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டிய இடைவெளிதான். மின்சாரம் அந்த இடைவெளியைத் தாவினால்தான் தீப்பொறி. ஈரப் பாலம் கிடைத்தால் அது ஏன் தாவ வேண்டும்? நடந்தே போய்விடும். மற்ற மூன்று சிலிண்டர்களும் எஞ்சினைச் சூடாக்கி அந்த ஈரத்தை உலர்த்த இரண்டு நிமிடம் ஆகிறது. கணக்கு நேராகிறது. இளங்காலையின் குளிரும் முழுக்க நிரபராதி அல்ல. ஏப்ரல் மாதக் காலையாக இருந்தால் ஈரம் நொடிகளில் உலர்ந்திருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டோம். கூட்டாளி, முதல் குற்றவாளி அல்ல.

வெள்ளைப் புகை சாட்சி சொல்லவில்லையா என்று கேட்கலாம். சொன்னது, ஆனால் அந்தச் சாட்சி செல்லாது. எல்லாக் காரும் குளிர்காலக் காலையில் வெள்ளையாகப் புகைக்கும். பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் எரிந்தால் தண்ணீர்தானே? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. குளிர்ந்த புகைக்குழாயில் அது வெண்ணிற ஆவியாகத் தெரிகிறது. வாயிலிருந்து வரும் புகை மாதிரி.

செல்லக்கூடிய சாட்சி ஒன்று வேறிடத்தில் இருந்தது, எங்களுக்குத்தான் தெரியவில்லை. ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறதா என்று மாமாவிடம் கேட்டேன். "ஒரு சொட்டுக் குறையலை" என்றார் அடித்து. காவலாளியிடம் கேட்டபோது உண்மை வந்தது. கார் கழுவும் ஞாயிறுதோறும் அவரே மூடியைத் திறந்து, குறைந்திருக்கும் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றிவந்திருக்கிறார். யாரும் சொல்லவில்லை, நல்ல மனிதர், செய்தார். அவருடைய நல்ல மனசு எங்கள் தடயத்தை வாராவாரம் அழித்துக்கொண்டிருந்தது.

தளேகாவ் போய்வந்த ஓர் இரவுக்கு மறுநாள், கிளப்புவதற்கு முன்பே நான்கு பிளக்குகளையும் கழற்றிப் பார்த்தோம். மூன்று உலர்ந்து, காப்பிப் பொடி நிறத்தில். மூன்றாவது நனைந்திருந்தது. முகர்ந்து பார்த்தேன், பெட்ரோல் வாசனை இல்லை. அதோடு அது மற்றவற்றைவிடச் சுத்தமாக, ஆவியில் வேகவைத்துக் கழுவியதுபோல இருந்தது. எனக்குப் போதும். காகாவுக்குப் போதவில்லை. "குளிரில் வேர்த்திருக்கும் சாஹேப்" என்றார். ஹெட்டைக் கழற்றுவது சின்ன வேலையல்ல, பழைய போல்ட் ஒன்று முறிந்தால் பெரிய செலவு. அவருடைய தயக்கம் நியாயமானது. எனக்கோ வாக்கரின் எச்சரிக்கை உறுத்திக்கொண்டிருந்தது: ஏழு பத்தி வைத்துத் தேடினேன், ஒன்று பொருந்தியது.

வாக்கருக்கு இல்லாத ஒரு வசதி எங்களுக்கு இருந்தது. பசிபிக் கடலின் அழுத்தத்தை அவரால் கூட்டிக் குறைக்க முடியாது. எங்கள் குக்கரின் அழுத்தத்தை நான் குறைக்கலாம். ஓடிவந்த வண்டி சற்று ஆறியதும் ரேடியேட்டர் மூடியைத் தளர்த்திவிட்டால் மிச்ச அழுத்தம் வெளியேறிவிடும். கசிவு ஊகம் சரியென்றால் அன்றைய மறுநாள் காலை வண்டி நொண்டக் கூடாது. (சூடாக இருக்கும்போது இந்த மூடியைத் தொடுவது, ஆவி அடங்காத குக்கரைத் திறப்பதைவிட மோசம். கொதிநீர் முகத்தில் அடிக்கும். நாங்கள் காத்திருந்து, தடித்த துணி போட்டு, முதல் நிறுத்தம்வரை மட்டுமே திருப்பினோம்.)

எந்த இரவு தளர்த்துவது என்பதை நானே தீர்மானித்தால் என் ஆசை அதில் புகுந்துவிடும். காலையில் நொண்டுகிறதா என்று தீர்ப்புச் சொல்பவருக்கு விஷயம் தெரிந்தாலும் காது வளைந்துகொடுக்கும். ஆகவே என் மகள் பன்னிரண்டு திருவுளச் சீட்டு எழுதினாள், ஆறில் 'திற', ஆறில் 'மூடு'. குலுக்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டாள். பன்னிரண்டு இரவும் தளேகாவ் தூரத்துக்கு வண்டியை ஓட்டிவந்தோம். ஒவ்வோர் இரவும் ஒரு சீட்டு. காலைக்கு முன் நான் இறங்கிப்போய் மூடியை இறுக்கிவிடுவேன். வண்டியைக் கிளப்பித் தீர்ப்பு எழுதுவது மாமா. முந்தைய இரவின் சீட்டு அவருக்குத் தெரியாது. மருந்துகளைச் சோதிப்பவர்கள் செய்வதும் இதைத்தான். எது மருந்து, எது வெறும் மாவு மாத்திரை என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும், நோயாளிக்கும் தெரியாது, பார்ப்பவருக்கும் தெரியாது.

இந்த முறையின் புகழ்பெற்ற கதை ஒரு தேநீர்க் கோப்பையில் தொடங்குகிறது. கோப்பையில் முதலில் பால் ஊற்றினார்களா, டீ ஊற்றினார்களா என்று குடித்தே சொல்வேன் என்றார் ஒரு பெண்மணி, இங்கிலாந்தில். புள்ளியியல் அறிஞர் ரொனால்டு ஃபிஷர் எட்டுக் கோப்பைகளைக் கலைத்து வைத்துச் சோதிக்கும் வழியைத் தன் 1935-ஆம் ஆண்டு நூலில் விவரித்தார். நான்கும் நான்குமாகச் சரியாகப் பிரித்துவிட்டால், அது குருட்டு அதிர்ஷ்டமாக இருக்க 70-இல் ஒரு வாய்ப்புதான். டிகிரி காப்பியின் சிக்கரியை நாக்கில் வைத்துச் சொல்லும் மாமாமீதும் இதைச் செய்துபார்க்க எனக்கு ஆசை. குடும்ப அமைதி கருதி விட்டுவிட்டேன்.

எங்கள் பன்னிரண்டு காலைகள் முடிந்தன. மாமாவின் தாளையும் மகளின் சீட்டுகளையும் சமையலறை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். 'திற' இரவுகளுக்குப் பின் ஆறு காலையும் சீராக ஓடியிருக்கிறது. 'மூடு' இரவுகளுக்குப் பின் ஐந்து காலை நொண்டியிருக்கிறது. மூடிக்கும் நொண்டலுக்கும் தொடர்பே இல்லை என்றால் இப்படி அமைய 132-இல் ஒன்றுதான் வாய்ப்பு. காகா இரண்டு தாளையும் வாங்கி ஒருமுறை பார்த்தார், மறுமுறை பார்த்தார். ஸ்பானரை எடுத்தார்.

ஹெட் கழன்றது, போல்ட் எதுவும் முறியவில்லை. மூன்றாவது பிஸ்டனின் தலை கரியே இல்லாமல் பளிச்சென்று இருந்தது, மற்றவை கரிக்கட்டை. கேஸ்கட்டில் மூன்றாம் வட்டத்தின் ஓரத்திலிருந்து பக்கத்துத் தண்ணீர்த் துளைவரை துருப்பிடித்த ஒரு கோடு, எறும்பு ஊர்ந்த தடம்போல. ஹெட்டின் அடிப்பரப்பு இலேசாக வளைந்திருந்ததால் ஃபேசிங் செய்து சமப்படுத்தினார்கள். புதுக் கேஸ்கட் வைத்து, போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, சுற்றுச் சுற்றாக, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார் காகா. பாடப் புத்தகத்துக்கு அட்டை ஒட்டும்போது சுருக்கம் விழாமலிருக்க நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவுவோமே, அதே காரணம். இனிப் பிரச்சினை எதுவும் வராது என்று சொல்லத் துணிய நான் எட்டுக் காலை அல்ல, இருபது காலை காத்திருந்தேன்.

கழற்றிய கேஸ்கட்டைக் காகா பட்டறைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறார். 

என் நோட்டில் ஒரு வரிதான் இன்னும் உறுத்துகிறது. மூடி இறுக்கமாக இருந்தும் வண்டி ஒழுங்காக ஓடிய அந்த ஆறாவது காலை. என் ஊகம்: அன்று சனிக்கிழமை இரவு, காவலாளி தண்ணீர் ஊற்றும் ஞாயிறுக்கு முந்தைய நாள். ரேடியேட்டரில் மட்டம் இறங்கி, விரிசல் இருந்த உயரத்தில் தண்ணீருக்குப் பதில் வெறும் ஆவியே நின்றிருக்கலாம். கசிந்தது ஆவியென்றால் பிளக் அவ்வளவாக நனைந்திருக்காது. மாமா இதை ஏற்கவில்லை. அன்றைக்குக் காதில் பஞ்சு வைத்திருந்தேன், எனக்கே சரியாகக் கேட்கவில்லை என்கிறார். சோதித்துப் பார்க்கலாம் என்றால் கோளாறு போய்விட்டது.